வண்டி பங்களாவுக்கு ஒரு பேட்டரி

சாவியைத் திருப்பியதும் வண்டி 'க்ளிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுச் சும்மா இருந்தது. அங்கமுத்து மறுபடி திருப்பினான். இந்தத் தடவை அந்தக் 'க்ளிக்' கூட வரவில்லை.

பங்களாப் படியில் துரை தொப்பியோடு நின்றார். கீழே பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க வந்த ஆட்கள் அத்தனை பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். காலையில் இலவசமாக ஒரு வேடிக்கை கிடைத்தால் யார்தான் விடுவார்கள்.

"அங்கமுத்து."

"தொரை."

"வண்டி செத்துப் போச்சா?"

"சாகலைங்க தொரை. தூங்குதுங்க."

"எழுப்பு."

எழுப்புவதற்குப் பதினாறு ஆட்கள் வேண்டியிருந்தது. ஃபெக்டரிச் சரிவில் தள்ளி, இரண்டு வளைவு தாண்டி, மூன்றாவது வளைவில் வண்டி இருமிக்கொண்டு கண் விழித்தது. தள்ளிய பதினாறு பேருக்கும் மூச்சு வாங்கியது. வேடிக்கை பார்த்தவர்களுக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது.

பசறை ரோட்டில் வட்டக்கல்லுத் தேயிலைத் தோட்டத்தின் பழைய ஆஸ்பத்திரி வேன் அது. புது வேன் வந்ததும் துரை அதை விற்கவில்லை. சீமையிலிருந்து வந்த ஏதோ புத்தகத்தில் கட்டில் போட்ட வேனைப் பார்த்துவிட்டார். தோட்டத்து ஆசாரியைக் கூப்பிட்டு உள்ளே ஒரு கட்டில், ஓர் அலுமாரி, அடுப்பு வைக்க ஒரு பலகை எல்லாம் அடிக்கச் சொன்னார். கூரையில் ஒரு பல்பு, மூலையில் ஒரு சின்ன ஃபேன். துரைசாணிக்கு இருட்டில் தூக்கம் வராது, வெக்கையிலும் வராது. லயத்து ஜனங்கள் அதற்கு 'வண்டி பங்களா' என்று பேர் வைத்தார்கள்.

தோட்டத்து டிரைவர் இந்தியாவுக்குக் கப்பலேறி ஏழு மாதமாகிறது. இருபது வருஷம் லாரியில் கிளீனராகக் கிடந்த அங்கமுத்து, லைசென்சை மடியில் கட்டிக்கொண்டு அந்த இடத்தில் தற்காலிகமாக ஓட்டிக்கொண்டிருந்தான். துரை கணக்காகச் சொல்லிவிட்டார்.

"பொத்துவில் கடல். நாலு ராத்திரி. லைட் எரியணும், ஃபேன் சுத்தணும். அஞ்சாம் நாள் காலையிலே ஒரே சாவி, வண்டி ஓடணும். ஓடினா நீ டிரைவர், குவாட்டர்ஸ் ஒனக்கு. ஓடலேன்னா மம்பட்டி."

டிரைவர் குவாட்டர்ஸ் என்றால் இரண்டு அறை. தனிக் குழாய். தனிப் புகைக்கூண்டு. அங்கமுத்துவின் லயக் காம்பராவில் ஏழு பேர் ஒரே அறையில் படுக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரன் தும்மினால் இங்கே விளக்கு அணையும். மம்பட்டி என்றால் மறுபடி ஆறு மணிப் பெரட்டு, அட்டைக்கடி, மலை. நாற்பத்து நான்கு வயதில் முதுகு அதற்கு ஒத்துக்கொள்ளாது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அன்று சாயங்காலம் துரை சோதனை போட்டார். லைட்டும் ஃபேனும் மூன்று மணி நேரம் ஓடட்டும், பிறகு நிறுத்தி கராஜைப் பூட்டு என்றார். அங்கமுத்து அப்படியே செய்தான். சாவியைக் கொண்டுபோய் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டு, சோறு தின்ற கையோடு கட்டையாகச் சாய்ந்தான். அடுத்த காலையும் பதினாறு பேர்.

ஆபீஸ் வாசலில் பெரிய கிளாக்கர் கனகசுந்தரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்; மனைவி அங்கே வாத்தியாராக இருந்தவர். தோட்டத்தில் எந்தக் கடதாசியும் அவர் கை படாமல் நகராது.

"அங்கமுத்து, உமக்கு உந்த வயர் வேலையெல்லாம் என்னத்துக்கு? ஆனா ஆவன்னா எழுதத் தெரியாத ஆள் கரண்டை என்னெண்டு விளங்கிக்கொள்ளும்?"

"லைட்டுக்கு மட்டும் எழுதத் தெரியுமாங்க ஐயா? எரியத்தானே செய்யுது."

"எரியேல்லையே காணும். அதுதானே பிரச்சினை."

விளக்குக்கும் ஃபேனுக்கும் தனியாக இன்னொரு பேட்டரி வேண்டும் என்று துரை முடிவு செய்தார். எந்தப் பேட்டரி என்பதைக் கனகசுந்தரம் முடிவு செய்தார். இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை விரித்து, விரலை வைத்து வாசித்து, பதுளை புஹாரி முதலாளி கடையிலிருந்து ஒன்றை வரவழைத்தார். சிவப்பு மூடி, தங்க எழுத்து, ஒரு கையால் தூக்கலாம்.

வீட்டில் பவளாயி கேட்டாள். "என்ன மாதிரி பேட்டரி?"

"சின்னது. மூணு மணி நேரத்துக்கு அது போதும்னு கிளாக்கரையா சொல்றாரு."

"அவருக்கு என்ன தெரியும். பெருசா வாங்கியிருக்கலாம்ல?"

"ஒனக்கு என்னடி பேட்டரியைப் பத்தி?"

"குவாட்டர்ஸ் வேணும்ல?" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

புதுப் பேட்டரியைப் பழைய பேட்டரியோடு சேர்த்துக் கட்டச் சொன்னார் கிளாக்கர். அங்கமுத்து கட்டினான். எட்டு நாள், தினமும் சாயங்காலம் மூன்று மணி நேரச் சோதனை நடந்தும், வண்டி ஒரே சாவியில் ஓடியது. ஒன்பதாம் நாள் பதுளை கிளப்பில் விருந்து. துரை கோட்டு போட்டுக்கொண்டு, துரைசாணி வெள்ளைச் செருப்பும் நீளக் கவுனும் போட்டுக்கொண்டு, கட்டில் போட்ட வண்டியைக் கிளப்பில் எல்லாருக்கும் காட்ட வேண்டுமென்று வண்டி பங்களாவிலேயே ஏறினார்கள்.

சாவியைத் திருப்பினான். க்ளிக்.

ஆண்களெல்லாம் ஐந்தாம் நம்பர் மலையில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள்தான் கிடைத்தார்கள். முதுகில் கூடையோடு, முகத்தில் சிரிப்போடு, இருபது பெண்கள் துரையையும் துரைசாணியையும் உள்ளே வைத்துத் தள்ளினார்கள். பவளாயியும் தள்ளினாள். மழை தூறியது. கால்வாசி தூரத்தில் சேறு. துரைசாணி இறங்கி நடந்தார். கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது வெள்ளைச் செருப்பு தேயிலைத் தூள் நிறத்தில் இருந்தது.

"வயர் பிழை," என்றார் கனகசுந்தரம். "பேட்டரி பிழையில்லை. நான் வாசிச்சுப் பாத்து எடுத்தது."

அங்கமுத்து கராஜில் குந்தி உட்கார்ந்து வண்டியையே பார்த்தான். இரண்டு பேட்டரியையும் சேர்த்துக் கட்டினால் ஒன்று காலியாகும்போது மற்றதையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஒரே பானையில் இரண்டு வீடு சோறு போட்டுத் தின்றால் இரண்டு வீடும்தானே பட்டினி. ஃபெக்டரி எஞ்சின் ரூமில் கெஞ்சி ஒரு பழைய சுவிட்சை வாங்கி வந்து இரண்டையும் பிரித்துவிட்டான். இனிமேல் விளக்கு செத்தாலும் எஞ்சின் சாகாது.

துரை தலையை ஆட்டினார். "நல்ல புத்தி. ஆனா லைட் செத்துப் போறான். ஒம்பது நாள் நிக்கலே. இந்தத் தடவை நீயே பேட்டரி பாரு."

கனகசுந்தரம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அதிலை எழுதியிருக்கிறதை எப்பிடிக் காணும் வாசிப்பீர்?"

அங்கமுத்து லயத்துக்கு நடந்துகொண்டே யோசித்தான். உண்மைதான். எந்தப் பேட்டரியிலும் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் இருபது வருஷம் லாரியில் கொழுந்து ஏற்றியிருக்கிறான். ஒரு சரக்கு எவ்வளவு பெறும் என்று தோட்டத்தில் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? நிறுத்துப் பார்ப்பார்கள். கூடைக்குக் கழிப்பார்கள். மழை நாளென்றால் தண்ணிக்கும் கழிப்பார்கள். மிச்சம் நிற்பதுதான் சரக்கு.

பதுளை பஸாரில் புஹாரி முதலாளி ஐந்து பேட்டரிகளை வரிசையாக எடுத்து வைத்தார்.

"இது லங்குற சாமான், பளபளக்குது பாரு. இது அதை விட லங்குறது. எது வேணும்?"

"தராசு இருக்குங்களா மொதலாளி?"

"எதுக்கு?"

"நிறுக்கணும்."

புஹாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நான் இந்தக் கடையில பதினெட்டு வருஷம் இரிக்கன். ஒருத்தரும் பேட்டரிய நிறுத்து வாங்கினதில்ல. இது என்ன கருவாடா?"

"ஒரு தடவை நிறுத்துப் பாப்போங்க."

பக்கத்து அரிசிக் கடையிலிருந்து தராசு வந்தது. தராசோடு நான்கைந்து பேர் வேடிக்கை பார்க்கவும் வந்தார்கள். அங்கமுத்து ஒவ்வொன்றாக ஏற்றினான். ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து, தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று விரலால் பெட்டிக்கு வெளியே அளந்துகொண்டான்.

"இதுக்கு ஏழு ராத்தல் கழிங்க."

"என்னத்துக்குக் கழிக்கிற?"

"தண்ணிக் கழிவுங்க. உள்ள இருக்கிற தண்ணி நமக்கு லைட் எரிக்கப் போறதில்லை. ஈயந்தான் எரிக்கும். தண்ணியக் கழிச்சா ஈயம் எவ்வளவுன்னு தெரிஞ்சிரும்."

புஹாரி தாடியைச் சொறிந்தார். "மனுசா, ஒன்ன யாரு படிக்க வெச்ச?"

"கணக்கப்புள்ளைங்க. இருபது வருஷமா எங்க கொழுந்துல கழிச்சுக் கழிச்சு."

கழிவு போக அதிகம் நின்றது ஒரு லாரி பேட்டரி. மழமழப்பும் இல்லை, தங்க எழுத்தும் இல்லை. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க முடிந்தது. அதைத்தான் எடுத்தான்.

"எப்பிடி இருக்கு?" என்றாள் பவளாயி.

"பெருசு."

"எவ்வளவு பெருசு?"

"ரெண்டு ஆளு தூக்கணும்."

அவள் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். புருஷனுடைய உத்தியோகத்தில் இவ்வளவு அக்கறை உள்ள பெண்டாட்டி லயத்தில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை என்று அங்கமுத்து நினைத்துக்கொண்டான்.

லாரி பேட்டரி பதினாறு நாள் நின்றது. பதினேழாம் நாள் சாயங்காலம் துரைசாணி கட்டிலில் சாய்ந்து புத்தகத்தை விரித்தார். பல்பு மின்மினி மாதிரி மினுங்கி, ஃபேன் ஒரு சுற்று சுற்றி, இரண்டும் ஓய்ந்தன.

துரை பல்பைப் பார்த்தார். பேட்டரியைப் பார்த்தார். அங்கமுத்துவைப் பார்த்தார்.

"மூணு மணி லைட். மூணு மணி ஃபேன். இவ்வளவு பெரிய பேட்டரி. யார் தின்றான்?"

"யாரும் உள்ள வர முடியாதுங்க தொரை. கராஜ் சாவி என் வீட்டு ஆணியிலதான் தொங்குது. மலைக் குளிருங்க. குளிர்தான் பேட்டரியைத் தின்னுது."

கனகசுந்தரம் பதுளையில் இருக்கும் டிரைவர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். எழுதியதை அங்கமுத்துவிடமே கொடுத்துத் தபாலில் போடச் சொன்னார். அங்கமுத்துவின் இடத்துக்கு வரச் சொல்லித்தான் அதில் எழுதியிருக்கிறது என்று வாய்விட்டும் சொன்னார்.

அந்தக் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் அங்கமுத்து பதுளை ஸ்டேஷனுக்குப் போனான். துரைக்குக் கொழும்பிலிருந்து மடக்கு நாற்காலிகள் ரயிலில் வந்திருந்தன. கொழும்பு வண்டிக்கு அதற்கு மேல் பாதை கிடையாது; பதுளைதான் கடைசி. எஞ்சினைக் கழற்றித் திருப்பக் கொண்டுபோய்விட்டார்கள். பெட்டிகள் மட்டும் பிளாட்ஃபாரத்தில் தலையில்லாத கம்பளிப்பூச்சி மாதிரி கிடந்தன. மழை இருட்டு. அங்கமுத்து நாற்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

எஞ்சின் இல்லை. பெட்டிக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஃபேன் சுற்றியது.

"என்ன காணும் பாக்கிறீர்? வழியை விடும்." ரயில் லைட் வேலை பார்க்கும் பரமலிங்கம் கையில் எண்ணெய்த் துணியோடு வந்தார்.

"ஐயா, எஞ்சின் இல்லாம எரியுதுங்களே."

"எரியத்தானே வேணும். பெட்டிக்கு அடியிலை குனிஞ்சு பாரும்."

குனிந்து பார்த்தான். தண்டவாளத்துக்கு மேலே மரப்பெட்டிகள் வரிசையாகத் தொங்கின.

"பேட்டரிங்களா? எங்க பேட்டரி ரெண்டு வாரத்துல செத்துப் போகுதுங்க."

"கார் பேட்டரியோ? லாரி பேட்டரியோ?" பரமலிங்கம் எண்ணெய்த் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். இப்படி ஓர் ஆள் கேட்பதற்காகவே அவர் பல வருஷம் காத்திருந்திருக்க வேண்டும். "அது ஒரே மூச்சிலை எஞ்சினைத் தூக்கிப்போட்டிட்டு, பிறகு படுத்து இளைப்பாறுற சாமான். விளக்கெரிக்க விட்டால் செத்துப்போம். இது அப்பிடியில்லை. அவசரமா ஒண்டும் தூக்காது. ஆனா ஆறுதலா, விடியத் துவங்கி இருளு மட்டும் சுமந்துகொண்டே இருக்கும். தட்டுத் தட்டா ஈயம், விரல் மொத்தம்."

அங்கமுத்து கொஞ்சம் யோசித்தான். "அப்ப லாரி பேட்டரி மூட்டை தூக்குற ஆம்பளை ஆளு. இது கொழுந்தெடுக்குற பொம்பளை ஆளுங்க."

பரமலிங்கம் சிரித்தார். "சரியாச் சொன்னீர். ஒரு பழைய பெட்டியை உடைக்கினம், அதின்ரை பேட்டரி இன்னும் நல்லாக் கிடக்கு. ஒண்டுக்கு ரெண்டு வோல்ட். உங்கட வேனுக்குப் பன்னெண்டு. எத்தினை வேணும்?"

அங்கமுத்து விரலை மடக்கினான். "ஆறுங்க."

"துரையிட்டை ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வாரும்."

கிளாக்கரின் கடிதம் அன்றைக்குத் தபாலில் விழவில்லை. மடியிலேயே நனைந்து கூழாகிவிட்டது. மழைதான் காரணம்.

ஆறு ரயில் பேட்டரியும் தோட்டத்துக்கு வந்து இறங்கிய நாளில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒன்றைத் தராசில் மாட்டினார்கள். முள் கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"தண்ணிக் கழிவு போடேல்லையோ?" என்றார் கனகசுந்தரம்.

"போட்டாலும் முள்ளு எறங்காதுங்க ஐயா."

ஆறையும் வண்டியின் பின்பக்கம் வைத்தபோது முன்சக்கரம் தரையைத் தொட யோசித்தது. வண்டி பங்களா கொம்பு தூக்கிய கிடா மாதிரி வானத்தைப் பார்த்தது. எல்லாவற்றையும் இறக்கி, நடுவில் கட்டிலுக்கடியில் அடுக்கினார்கள். கட்டில் ஒரு சாண் உயர்ந்தது. துரைசாணி எழுந்து உட்கார்ந்து கூரையில் தலையை இடித்துக்கொண்டார். ஆசாரி கட்டில் காலை ஒரு சாண் அறுத்தான். பிறகு அமில வாடை அடிக்கிறது என்றார் துரைசாணி. அங்கமுத்து பேட்டரிகளுக்குப் பலகைப் பெட்டி அடித்து, ஒரு ரப்பர் குழாயை வண்டிக்கு அடியில் விட்டு, வாடையை வெளியே அனுப்பினான். வாரத்துக்கு ஒரு தடவை ஃபெக்டரி எஞ்சின் ரூமில் சார்ஜ் ஏற்றினார்கள்.

"மூண்டு மணித்தியாலந்தான் எரிக்கிறீர் எண்டால் வாரா வாரம் ஏத்தத் தேவையில்லையே," என்று பரமலிங்கம் சொல்லியனுப்பினார்.

"பதுளைக்காரருக்கு எங்க மலைக் குளிர் தெரியாது," என்றான் அங்கமுத்து.

ஒரு வாரம் போயிற்று. இரண்டு, மூன்று, நான்கு. தினமும் சாயங்காலம் பல்பு வெள்ளை வெளேரென்று எரிந்தது. பெரட்டுக் களத்தில் வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லாமல் ஜனங்கள் வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். பவளாயி ஒரு நாள் சோறு போடும்போது கறியை இரண்டு தடவை அள்ளி வைத்தாள். "நல்ல பேட்டரிங்க," என்றாள், வேறெதுவும் சொல்லாமல்.

ஆடி மாதம் பொத்துவில் போனார்கள். மொனராகலை தாண்டி வெயிலுக்குள் இறங்கும்போது துரை பாட்டுப் பாடினார். கடற்கரையில் நான்கு ராத்திரி. ஃபேன் சுற்றிற்று, துரைசாணி தலைமாட்டில் விளக்கை எரியவிட்டு மூன்று புத்தகம் வாசித்து முடித்தார். மீன்காரர்கள் வண்டிக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, எஞ்சின் ஓடாமல் சுற்றுகிற ஃபேனைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஐந்தாம் நாள் காலையில் துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஒரே சாவி, அங்கமுத்து."

அங்கமுத்து கண்ணை மூடிக்கொண்டு திருப்பினான். வண்டி உறுமியது. கட்டிலுக்கு மேலே பல்பும் எரிந்துகொண்டிருந்தது. பகல் வெளிச்சத்திலும் அது எரிவது தெரிந்தது. துரை கதவைத் திறந்து கையை நீட்டினார். இருபது வருஷத்தில் எந்தத் துரையும் அவனுக்குக் கை கொடுத்ததில்லை. எந்தக் கையை நீட்டுவது என்று ஒரு நிமிஷம் குழம்பி, இரண்டையும் நீட்டினான்.

"டிரைவர்," என்றார் துரை.

தோட்டத்துக்குத் திரும்பும்போது பெரட்டு நேரம். அங்கமுத்து களத்தை ஒரு சுற்று சுற்றி, வேண்டுமென்றே எஞ்சினை நிறுத்தினான். எல்லாரும் பார்க்க மறுபடி ஒரே சாவியில் எடுத்தான். தள்ளுவதற்குக் கை துடித்த பதினாறு பேரும் விசிலடித்தார்கள்.

பத்து மணிக்கு ஆபீஸில் குவாட்டர்ஸ் புத்தகம் விரிந்திருந்தது. கனகசுந்தரம் மை டப்பாவை அவன் முன்னால் தள்ளினார். தோற்ற ஆள் மாதிரி அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"டிரைவரானாலும் கைநாட்டுத்தான். இதிலை புருஷனும் பெண்சாதியும் வைக்கவேணும். அமத்தும்."

அங்கமுத்து கட்டைவிரலை மையில் தோய்த்து, ஏற இறங்கப் பார்த்து, பெருமையாக அழுத்தினான். கடதாசியில் அவனுடைய விரல் தேயிலை இலை மாதிரி பதிந்தது. மை டப்பாவைப் பவளாயி பக்கம் நகர்த்தினான்.

பவளாயி மையைத் தொடவில்லை. "பேனா குடுங்க ஐயா," என்றாள்.

"பேனா என்னத்துக்கு?"

கேட்டுக்கொண்டே கொடுத்துவிட்டார். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். நாக்கு உதட்டோரம் எட்டிப் பார்த்தது. ப. வ. ளா. கொஞ்சம் நிறுத்தி, மூச்சு விட்டு, யி. கோட்டுக்கு மேலே ஒரு எழுத்து, கீழே ஒரு எழுத்து. ஆனால் நான்கும் நான்கு எழுத்துத்தான்.

அங்கமுத்துவுக்கு அது என்னவென்று தெரியவில்லை. கிளாக்கரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அவர் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார்.

"இதை... எங்கை படிச்சனீர்?"

"கராஜிலதாங்க ஐயா, இவரு தூங்குன பொறகு சாவியை எடுத்துட்டுப் போயி, வண்டி பங்களா லைட்டுல, ஒங்க வீட்டம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க," என்றாள் பவளாயி. "ஐயா வாங்குன செவப்பு மூடி ஈனாவோட செத்துப் போச்சு, லாரி பேட்டரி ஔவன்னா வரைக்கும் இழுத்துச்சு; ரயில் பேட்டரிதாங்க கொழுந்தெடுக்குற எங்க முப்பது பேரையும் அவங்கவங்க பேரு வரைக்கும் கொண்டாந்து விட்டுச்சு."